செயின்ட் பேட்ரிக்ஸ் டே: அன்றைக்கு பப்பைத் திறக்கவே தடை போட்ட அயர்லாந்து... பச்சைத் திருவிழாவின் பின்னணி என்ன?

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் டிரிப்ஸி என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்தது இரண்டே பப். 1999-ல் ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்று, ஒரு பப்பில் கிளம்பி இன்னொரு பப்பில் போய் முடிகிற மாதிரி ஊர்வலம் நடத்தினால் என்ன?

நடத்தினார்கள். 'உலகிலேயே குட்டி ஊர்வலம்' என்று பெயரும் கிடைத்தது. சில வருடங்கள்தான். இரண்டில் ஒரு பப் மூடப்பட்டது. போய்ச் சேர இடம் இல்லை என்றதும் ஊர்வலமும் நின்றுவிட்டது.

மார்ச் 17 வந்தாலே சமூக வலைதளங்களில் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கையில் கிளாஸோடு போட்டோக்கள் நிறையும். பார்க்கிற யாருக்கும் 'குடிக்கிறதுக்குன்னே ஒரு திருவிழா போல' என்றுதான் தோன்றும். ஆனால் சொந்த நாட்டில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாளில் பப் திறக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. இன்று சட்டம் இல்லை. ஆனால் பல ஊர்களில் திறப்பதற்கு பப்பே இல்லை.

இந்தத் திருவிழா எப்படி பப்புக்குள் வந்தது? பப் போனால் ஊருக்கு என்ன நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பேட்ரிக்?

அயர்லாந்தின் பாதுகாவலராகக் கொண்டாடப்படும் புனித பேட்ரிக், அயர்லாந்தில் பிறந்தவரே இல்லை. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர் பிறந்தது ரோமானியர் ஆட்சியின் கீழ் இருந்த பிரிட்டனில். 16 வயதில் கொள்ளையர்கள் அவரைக் கடத்தி அயர்லாந்துக்குக் கொண்டுபோய் அடிமையாக்கினார்கள். ஆறு ஆண்டுகள் அங்கே மந்தை மேய்த்தார். பிறகு தப்பித்து வீடு திரும்பினார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தன்னை அடிமையாக வைத்திருந்த அதே மண்ணுக்கு மதபோதகராகத் திரும்பிப் போனார். இதையெல்லாம் அவரே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியதில் இன்று நமக்குக் கிடைப்பவை இரண்டே ஆவணங்கள். அவர் இறந்ததாக நம்பப்படும் நாள்தான் மார்ச் 17.

அவரைப் பற்றி உலாவும் மற்ற கதைகள்?

• பாம்புகளை விரட்டினார்: அயர்லாந்தில் இயற்கையாகவே பாம்பு கிடையாது. பனி யுகம் முடிந்து, பாம்புகள் வந்து சேர்வதற்கு முன்பே அந்தத் தீவைக் கடல் பிரித்துவிட்டது. விரட்டுவதற்கு அங்கே பாம்பே இல்லை.

• மூவிலைச் செடியைக் காட்டி போதித்தார்: ஷாம்ராக் எனப்படும் இந்தச் செடி பார்ப்பதற்கு நம்ம ஊர் புளியாரைக் கீரை மாதிரி இருக்கும். ஒரு காம்பு, மூன்று இலை. தந்தை, மகன், தூய ஆவி என மூவரும் ஒரே கடவுள் என்பதை இதைக் காட்டித்தான் பேட்ரிக் விளக்கினார் என்பார்கள். அவர் எழுதியதில் இது இல்லை. எழுத்தில் இந்தக் கதை தென்படுவதே 18-ம் நூற்றாண்டில்தான்.

• பச்சை அவருடைய நிறம்: பேட்ரிக்கோடு முதலில் சேர்த்துப் பார்க்கப்பட்ட நிறம் நீலம். 1798-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்கள் பச்சையை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பச்சை அரசியல் நிறமாகவும், தேசத்தின் நிறமாகவும் ஆனது.

அன்று பப் ஏன் மூடியிருந்தது?

அயர்லாந்தில் இது முதலில் கோயில் சம்பந்தப்பட்ட நாள். 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் மார்ச் 17 இடம்பிடித்தது. காலையில் சட்டையில் ஷாம்ராக் செருகிக்கொண்டு பூசைக்குப் போவது, வீட்டில் குடும்பத்தோடு சாப்பிடுவது. அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில் இந்த நாள் வருகிறது. அதனால் 40 நாள் விரதத்துக்கு நடுவே கிடைக்கிற ஒரு நாள் விலக்காகவும் பலர் இதைப் பார்த்தார்கள்.

1903-ல் இது பொது விடுமுறை ஆனது. 1922-ல் சுதந்திர அரசு அமைந்தது. குடிப்பழக்கத்தைக் கட்டுக்குள் கொண்டுவர நினைத்த அந்தப் புதிய அரசு, 1927-ல் ஒரு மதுபானச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதைய நீதித்துறை அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ் முன்னின்று நிறைவேற்றிய அந்தச் சட்டத்தின்படி கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, செயின்ட் பேட்ரிக்ஸ் டே ஆகிய மூன்று நாளும் பப்களுக்குப் பூட்டு. நம்ம ஊர் காந்தி ஜெயந்தி மாதிரி 'டிரை டே'.

சட்டம் இருந்தால் சந்து பொந்தும் இருக்கும் இல்லையா? டப்ளினின் பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் மார்ச் 17 அன்று நடக்கும் நாய்க் கண்காட்சிக்கு மது விற்க விலக்கு இருந்தது. வீட்டில் நாயே வளர்க்காதவர்களுக்கும் அன்று ஒரு நாள் நாய்ப் பாசம் பொங்கியது என்று டப்ளின்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

1960-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1961 முதல் செயின்ட் பேட்ரிக்ஸ் டேயில் பப்கள் சட்டப்படி திறந்தன. புனித வெள்ளிக்கான தடை மட்டும் 2018 வரை நீடித்தது.

அப்போ கொண்டாட்டம் எங்கே வளர்ந்தது?

இதற்குப் பதில் அயர்லாந்தில் இல்லை. அதை விட்டுப் போனவர்களிடம் இருக்கிறது.

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழுகல் நோய் தாக்கியது. ஏழை மக்களின் மூன்று வேளைச் சாப்பாடும் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்தாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். 1841-ல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அந்தத் தீவின் மக்கள்தொகை, இன்றுவரை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.

அமெரிக்காவில் இறங்கியவர்களுக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. ஏழைகள், கத்தோலிக்கர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். நியூயார்க்கில் 1762-லேயே, பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ் வீரர்கள் மார்ச் 17-ல் ஊர்வலம் போயிருந்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகு அந்த ஊர்வலம் பெரிதானது. 'நாங்களும் இங்கே இருக்கிறோம்' என்று காட்டுகிற நாளாக மாறியது. ஓட்டு பலம் தெரிந்ததும் அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். 1962 முதல் சிகாகோவில் ஆற்றையே பச்சையாக்குகிறார்கள். பச்சை பீரும் அமெரிக்கப் பழக்கம்தான். அயர்லாந்து பப்பில் அதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இங்கிலாந்துக்குப் போனவர்களின் கதை கொஞ்சம் வேறு. 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோடு போடவும், கட்டடம் கட்டவும், சுரங்கப்பாதை தோண்டவும் பல ஆயிரம் ஐரிஷ் இளைஞர்கள் போனார்கள். வாடகை அறையில் உட்காரக்கூட இடம் இருக்காது. லண்டனின் கில்பர்ன், கிரிக்கிள்வுட் பகுதி பப்கள்தான் அவர்களுக்கு எல்லாமே. நாளைக்கு எங்கே வேலை என்பது அங்கேதான் தெரியும். சம்பளச் செக்கை மாற்றித் தந்ததும் பல இடங்களில் பப் முதலாளிதான். ஊர்ப் பாட்டும் ஊர்ப் பேச்சும் அங்கேதான் கிடைத்தன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளத்தை பப்பிலேயே கையில் கொடுத்தால் பாதி அங்கேயே கரையும். ஊருக்கு அனுப்ப நினைத்த பணத்தைக் குடித்துத் தீர்த்து, திரும்பிப் போக முகமில்லாமல் அங்கேயே தனியாக வயதாகிப் போனவர்கள் எத்தனையோ பேர். தனிமையைப் போக்கிய அதே இடம், சிலரை இன்னும் தனியாக்கவும் செய்தது.

வெளிநாட்டில் இப்படிப் பெரிதான கொண்டாட்டத்தைப் பார்த்துத்தான் அயர்லாந்து விழித்துக்கொண்டது. 1995-ல் அரசு தனியாக ஒரு விழா அமைப்பை ஏற்படுத்தியது. 1996-ல் டப்ளினில் முதல் பெரிய விழா நடந்தது. அதாவது, இன்று டிவியில் நாம் பார்க்கும் பிரம்மாண்ட டப்ளின் திருவிழாவுக்கு வயது 30-ஐ ஒட்டித்தான்.

ஊர் பப்பில் அன்று என்ன நடக்கும்?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பெயரிலேயே பொது வீடு. அந்தக் காலத்தில் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் பார் என்று பல பப்கள் இருந்தன. மேற்குக் கடற்கரை ஊரான டிங்கிளில் 'டிக் மேக்ஸ்' என்ற பப்பில் ஒரு பக்கம் தோல் பொருள் கடை, இன்னொரு பக்கம் பார் என்று பழைய அமைப்பை இன்றும் பார்க்கலாம்.

அதே டிங்கிளில் மார்ச் 17 அன்று காலை 6 மணிக்கே புல்லாங்குழலும் முரசுமாக ஊர்வலம் கிளம்பிவிடும். மற்ற ஊர்களில் காலையில் பூசை, மதியம் ஊர்வலம். டிராக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கால்பந்து கிளப், தீயணைப்பு வண்டி என்று ஊரே நடக்கும். வேடிக்கை பார்க்கக்கூட ஆள் மிஞ்சாத ஊர்களும் உண்டு. அது முடிந்து, மார்ச் மாதக் குளிருக்கு எல்லோரும் ஒதுங்குகிற இடம்தான் பப்.

உள்ளே குழந்தைகளும் இருப்பார்கள். பெற்றோருடன் வந்தால் இந்த சீசனில் இரவு 9 மணி வரை சட்டமே அனுமதிக்கிறது. மூலையில் வயலின், தகர விசில், 'போரான்' என்கிற தட்டு மாதிரியான தோல் மேளம் என நாலைந்து பேர் வாசிப்பார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. தெரிந்தவர் யாரும் நடுவில் சேரலாம். இதற்கு 'செஷன்' என்று பெயர். டிவியில் சில வருடம் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பியும் ஓடும்.

கடைசி கிளாஸில், காலையில் சட்டையில் செருகிய ஷாம்ராக்கைப் போட்டு, வாழ்த்துச் சொல்லிக் குடித்துவிட்டு, இலையை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீசுவது பழைய வழக்கம். 'ஷாம்ராக்கை மூழ்கடித்தல்' என்று அதைச் சொல்வார்கள். வாழ்த்துச் சொல் 'ஸ்லான்ச்சா'. ஐரிஷ் மொழியில் அதற்கு அர்த்தம் 'ஆரோக்கியம்'. பாட்டிலில் 'உயிருக்குக் கேடு' என்று படித்துப் பழகிய நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வரலாம்.

முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் சுமார் 45 ஆயிரம் இந்தியக் குடிமக்கள் இருக்கிறார்கள். படிப்புக்கும், ஐ.டி. வேலைக்கும், நர்ஸ் வேலைக்கும் போனவர்கள் அதிகம். ஆபீஸ் நண்பர்கள் 'வா, பப்புக்குப் போகலாம்' என்று கூப்பிட்டால்:

• ரவுண்ட் முறை: நாலு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு ஒரு தடவை நாலு பேருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். மற்றவர் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுவது மரியாதை இல்லை. வேண்டாம் என்றால் முதலிலேயே 'நான் ரவுண்டில் இல்லை' என்று சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

• பொறுமை: டப்ளினின் கின்னஸ் கறுப்பு பீரை ஊற்றுவது இரண்டு கட்டமாக நடக்கும். முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, பிறகு நிரப்புவார்கள். சுமார் இரண்டு நிமிடம் ஆகும். நடுவில் கையை நீட்டக் கூடாது.

• அளவு: ஒரு பைன்ட் என்றால் 568 மி.லி. அதில் பாதி கேட்டால் 'கிளாஸ்'.

• குடிக்காதவர்கள்: தாராளமாகப் போகலாம். அயர்லாந்தில் மதுவைத் தொடாதவர்களுக்கென்றே 1898-ல் தொடங்கிய 'பயனியர்' சங்கம் இருக்கிறது. சட்டையில் அதன் பேட்ஜோடு பப்பில் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடித்தவர்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் உண்டு. இப்போது ஆல்கஹால் இல்லாத பீரும் பல இடங்களில் கிடைக்கிறது.

• வயது, வண்டி: 18 வயதுக்குக் கீழ் மது கிடையாது. வண்டி ஓட்ட 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால்தான் உச்ச வரம்பு. லைசென்ஸ் புதிதாக எடுத்தவர்களுக்கும் டாக்சி, பஸ் ஓட்டுபவர்களுக்கும் 20 மி.கி. மாட்டினால் லைசென்ஸ் போகும். ஒரே வழி, குடித்தால் வண்டியைத் தொடக் கூடாது.

மறுபடியும் பூட்டு

1961-க்குப் பிறகு செயின்ட் பேட்ரிக்ஸ் டேயில் பப்கள் மூடப்பட்டது கொரோனா காலத்தில். 2020 மார்ச் 15 அன்று, திருவிழாவுக்கு இரண்டே நாள் முன்பு, நாடு முழுவதும் பப்களை மூடும்படி அரசு கேட்டுக்கொண்டது. மார்ச் 17 இரவு, ஊர்வலம் இல்லாத தெருக்கள், பூட்டிய பப்கள். அப்போதைய பிரதமர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த லியோ வராட்கர் டிவியில் நாட்டு மக்களிடம் பேசினார். 2021-லும் இதே நிலைதான்.

2022-ல் திருவிழா திரும்பியபோது, மார்ச் 18-ம் தேதியையும் ஒரு முறை மட்டும் விடுமுறையாக அறிவித்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களை நினைவுகூர அந்த நாள்.

பப்கள் ஏன் குறைகின்றன?

2005-க்குப் பிறகு அயர்லாந்தில் சுமார் 2,000 பப்கள் மூடப்பட்டிருக்கின்றன. பெரும் அடி கிராமங்களுக்கு. காரணம் ஒன்றல்ல. சூப்பர் மார்க்கெட்டில் மது விலை மலிவு. கடை நடத்தும் செலவு கூடிவிட்டது. அப்பாவுக்குப் பிறகு கடையை எடுத்து நடத்தப் பிள்ளைகள் தயாரில்லை. நாட்டின் தனிநபர் மது நுகர்வே 2001-ல் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதன் பிறகு கணிசமாகக் குறைந்திருக்கிறது.

குடி குறைந்தால் நல்லதுதானே? நல்லதுதான். மதுவால் வரும் நோய், விபத்து, குடும்பச் சிக்கல் எல்லாம் அயர்லாந்து நன்றாகவே பார்த்த விஷயங்கள். 2018-ல் மதுவுக்கு எதிரான பொது சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்படி 2022 ஜனவரி முதல் குறிப்பிட்ட விலைக்குக் கீழ் மது விற்க முடியாது.

அதே 2018-ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான தண்டனையும் கடுமையானது. கிராமப்புற எம்.பி.க்கள் சிலர் எதிர்த்தார்கள். 'தனியாக வாழும் வயதான விவசாயி வாரத்தில் ஒரு நாள் வெளியே வருவதே பப்புக்குத்தான். பஸ் கிடையாது, டாக்சி கிடையாது. அதையும் நிறுத்தினால் அவர் யாரோடு பேசுவார்?' என்பது அவர்கள் வாதம். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களின் பதில்: 'எங்கள் வீட்டில் இனி பேசவே ஆள் இல்லையே!' சட்டம் நிறைவேறியது.

கவனித்தால் இரண்டு தரப்பும் பேசியது ஒரே விஷயத்தை: மனிதர்கள். பப்புக்கு வருபவருக்குத் தேவை கிளாஸை விட, எதிரே உட்கார ஓர் ஆள். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் செய்கிற அதே வேலை. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் விசேஷம், மழை வருமா, மாடு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இரண்டு நாள் ஒருவர் வரவில்லை என்றால் 'என்ன ஆச்சு?' என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இருக்கும்.

தீர்வுகளையும் முயன்று பார்க்கிறார்கள். 2018-ல் கிராமங்களுக்கு மாலை நேர பஸ்களைச் சோதனை முறையில் விட்டார்கள். வாடிக்கையாளரைத் தங்கள் காரிலேயே வீட்டில் இறக்கிவிடும் பப் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

அடுத்த மார்ச் 17-க்கும் சிகாகோ ஆறு பச்சையாகும். டப்ளின் தெருக்களில் கூட்டம் அலைமோதும். அதற்கெல்லாம் ஆபத்து இல்லை. ஆனால் பப் மூடிய ஒரு சின்ன ஊரில், பூசை முடிந்து, ஊர்வலம் முடிந்து, குளிரில் நிற்கிற பெரியவருக்கு அடுத்து எங்கே போவது என்பதுதான் கேள்வி. டிரிப்ஸியின் குட்டி ஊர்வலம் நின்றதும் அதே இடத்தில்தான்.